சுழலும் புரொப்பெல்லருக்குள் பிளேடைத் திருப்புவது எப்படி?

கேள்வியைச் சுருக்கி முதலில் சொல்லிவிடுகிறேன்: "விமானம் பறக்கும்போதே புரொப்பெல்லர் பிளேடுகளின் கோணத்தை மாற்றுகிறார்களாமே, நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் ஓடும் பொருளுக்குள் அதை எப்படிச் செய்கிறார்கள்? பேசாமல் இன்ஜினை இன்னும் முடுக்கினால் போதாதா?" இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: கோணத்தை ஏன் மாற்ற வேண்டும், எப்படி மாற்றுகிறார்கள். நான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்கிறேன். மாற்றுகிற அமைப்பு கைவிட்டால் பிளேடு எந்தப் பக்கம் போகும்? விமானப் பராமரிப்பில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், பழக்கமில்லாத ஒரு புரொப்பெல்லரை நானும் என்னுடன் வேலை பார்த்தவர்களும் பார்த்தால் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

முதலில் "ஏன்". புரொப்பெல்லர் பிளேடு ஓர் இறக்கை. விமானத்தின் இறக்கை நேராகப் போகிறது, இது சுற்றிக்கொண்டே முன்னால் போகிறது, அவ்வளவுதான். 1903-இல் பறந்த ரைட் சகோதரர்கள் தங்கள் புரொப்பெல்லரை இப்படித்தான் அணுகினார்கள். கப்பல் புரொப்பெல்லர்களைப் பற்றி அன்று இருந்த அறிவு அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை. இறக்கை என்றால் அது காற்றைச் சந்திக்கும் கோணம் சில டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். ரொம்பக் குறைந்தால் விசை வராது. 15 டிகிரி வாக்கில் தாண்டினால் காற்று பிளேடின் முதுகை ஒட்டி ஓடாமல் பிரிந்துவிடும். அதை ஸ்டால் என்பார்கள். விசை சரியும், இழுவை எகிறும்.

பிளேடுக்குக் காற்று இரண்டு வழியில் வருகிறது: அது சுற்றுவதால் பக்கவாட்டில் ஒன்று, விமானம் முன்னேறுவதால் எதிரே ஒன்று. இரண்டும் சேர்ந்து சாய்வாக ஒரு காற்றாக வரும். விமானத்தின் வேகம் மாறினால் அந்தச் சாய்வும் மாறும். எண்களில் பார்த்தால் உடனே புரியும். 1.9 மீட்டர் விட்டம், நிமிடத்துக்கு 2,700 சுற்று. நான்கு இருக்கைச் சிறு விமானத்துக்கு ஏற்ற அளவுகள். மையத்திலிருந்து ஆரத்தின் முக்கால் தூரத்தில், அதாவது 71 செ.மீ. தள்ளி, பிளேடின் சுழற்சி வேகம் வினாடிக்கு 201 மீட்டர். அந்த இடத்தில் பிளேடு 18 டிகிரி சாய்வில் பொருத்தப்பட்டிருக்கிறது, அதை மாற்ற முடியாது என்று வைத்துக்கொள்வோம். விமானம் ஓடுபாதையில் நிற்கும்போது காற்று முழுவதும் சுழற்சியால் வருகிறது. பிளேடு அதை 18 டிகிரியில் சந்திக்கிறது. ஸ்டால். வினாடிக்கு 30 மீட்டர் வேகத்தில் மேலெழும்போது காற்று எட்டரை டிகிரி சாய்ந்து வருகிறது, மிச்சம் ஒன்பதரை. நல்ல கோணம். 60 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 216 கி.மீ. போகும்போது, காற்றின் சாய்வு 16.6, மிச்சம் ஒன்றரை டிகிரிகூட இல்லை. 80 மீட்டரில் சாய்வு 21.7 ஆகிறது, பிளேடோ 18-இலேயே நிற்கிறது. இப்போது காற்று பிளேடின் மறுமுகத்தில் அடிக்கிறது. புரொப்பெல்லர் விமானத்தை இழுத்தது போய், காற்று புரொப்பெல்லரைச் சுற்ற ஆரம்பிக்கிறது.

இந்தக் கணக்கில் ஒன்றை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். புரொப்பெல்லர் தானே முன்னாலிருந்து காற்றை உள்ளே இழுப்பதால், நிற்கும்போதுகூடக் காற்று கொஞ்சம் சாய்ந்தே வரும். பிளேடின் முதுகு வளைந்திருப்பதால் பூஜ்ஜிய டிகிரியிலும் சிறிது விசை கிடைக்கும். ஆகவே மேலே உள்ள எண்கள் போக்கைக் காட்டுபவை. அவற்றை வைத்து யாரும் புரொப்பெல்லர் செய்துவிட வேண்டாம்.

சரி, வேகம் கூடும்போது இன்ஜினையும் கூடவே முடுக்கினால்? சுற்று ஏறினால் காற்றின் சாய்வு குறையும், அது உண்மைதான். ஆனால் 2,700 சுற்றிலேயே பிளேடின் நுனி வினாடிக்கு 268 மீட்டரில் போகிறது. விமானத்தின் 80 மீட்டரையும் சேர்த்துக் கணக்கிட்டால் 280. தரைமட்டத்தில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 340. இதே புரொப்பெல்லரை 3,500 சுற்றில் ஓட்டினால் நுனி ஒலியை முந்திவிடும். அந்த எல்லையை நெருங்கும்போதே நுனியில் அதிர்ச்சி அலைகள் உண்டாகி இழுவை ஏறும், இன்ஜின் தரும் சக்தி சத்தமாகவும் வெப்பமாகவும் வீணாகும். இன்ஜினுக்கும் அதன் சிவப்புக் கோடு, அதாவது தாண்டக் கூடாத சுற்று எல்லை, ஒன்று இருக்கிறது. ஆகச் சுற்றை ஏற்றித் தப்பிக்கும் வழி சீக்கிரமே முடிந்துவிடுகிறது. நிலையான கோணம் உள்ள புரொப்பெல்லரை வாங்குபவர் ஏற்றத்துக்குச் சாதகமான சின்னக் கோணத்தையோ, நெடும்பயணத்துக்குச் சாதகமான பெரிய கோணத்தையோ, இரண்டுக்கும் நடுவில் ஒன்றையோ எடுத்துக்கொண்டு மற்றதில் நஷ்டப்பட வேண்டியதுதான்.

இந்த இடத்தில் எல்லோரும் காரின் கியரைச் சொல்வார்கள். எனக்கு அந்த ஒப்பீடு பாதிதான் பிடிக்கும். மேட்டில் சின்ன கியர், சமவெளியில் பெரிய கியர் என்ற அளவில் சரி. ஆனால் கியர் மாற்றும்போது இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான சுற்று விகிதம் மாறுகிறது. இங்கே பல சிறு விமானங்களில் புரொப்பெல்லர் நேராக இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையிலேயே முடுக்கப்பட்டிருக்கும். அது ஒரு சுற்று, இதுவும் ஒரு சுற்று. மாறுவது ஒவ்வொரு சுற்றிலும் பிளேடு காற்றில் ஏற்றிக்கொள்ளும் சுமை. அப்புறம், தப்பான கியர் ஸ்டால் ஆகிப் பிடிப்பை இழக்காது. தப்பான கோணத்தில் நிற்கும் பிளேடு இழக்கும்.

கோணத்தை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். பிளேடை உற்றுப் பார்த்தால் அடியில் செங்குத்தாகவும் நுனியில் தட்டையாகவும் முறுக்கப்பட்டிருக்கும். காரணம், அடிப்பகுதி மெதுவாகச் சுற்றுகிறது, நுனி வேகமாகச் சுற்றுகிறது. நம் உதாரணத்தில் 60 மீட்டர் வேகத்தில் மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளிக் காற்றின் சாய்வு ஏறத்தாழ 47 டிகிரி, நுனியில் 12.6 மட்டும். இப்போது வேகம் 30-லிருந்து 60-க்கு ஏறுகிறது என்றால் அடியில் 19 டிகிரி மாற்றம் வேண்டும், நுனியில் 6 டிகிரிதான் வேண்டும். ஆனால் பிளேடுகள் பொருந்தியிருக்கும் நடுப்பகுதியான ஹப்பில் பிளேடைத் திருப்பும்போது அடி முதல் நுனி வரை ஒரே அளவுதான் திரும்பும். முறுக்கு ஏதோ ஒரு வேகத்துக்குத்தான் கச்சிதமாகப் பொருந்தும். கோணம் மாறும் புரொப்பெல்லரும் ஒரு சமரசம்தான். ஆனால் விசையில் பெரும்பங்கைத் தருவது பிளேடின் வெளிப்பாதி என்பதால் அந்தச் சமரசம் பெரிதாக உறைப்பதில்லை.

இந்த யோசனை பழையது, கருவிதான் தாமதமாக வந்தது. பிரிட்டனில் ஹெலே-ஷாவும் பீச்சமும் ஆயில் அழுத்தத்தால் கோணம் மாறும் அமைப்புக்கு 1924-இல் காப்புரிமை பெற்றார்கள். கனடாவின் வாலஸ் டர்ன்புல் மின்மோட்டாரால் திருப்பும் ஒன்றை 1927-இல் பறக்கவிட்டுச் சோதித்தார். பயணிகள் விமானங்களுக்கு இதை நடைமுறையாக்கியது ஹாமில்டன் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் ஃபிராங்க் கால்டுவெல். அவருடைய முதல் வடிவில் இரண்டே நிலைகள்: கிளம்ப ஒன்று, பயணத்துக்கு ஒன்று. உயரமான இடங்களிலிருந்து கிளம்பத் திணறிய போயிங் 247 விமானத்தில் அதைப் பொருத்தியபோது கிளம்பும் ஓட்டதூரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது, பயண வேகமும் கூடியது. அமெரிக்க விமானத் துறையின் கொலியர் விருது 1933-க்குக் கிடைத்தது அதற்குத்தான். அடுத்த படி, பைலட் கோணத்தைத் தேர்ந்தெடுப்பதற்குப் பதில் சுற்று எண்ணிக்கையைத் தேர்ந்தெடுத்தால் கோணத்தை இயந்திரமே பார்த்துக்கொள்வது. 1940 கோடையில் பிரிட்டன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்பிட்ஃபயர், ஹரிகேன் போர் விமானங்களை அவசர அவசரமாக அந்த முறைக்கு மாற்றியது. சண்டை நடுவில் இவ்வளவு வேலையை யாரும் சும்மா இழுத்துப்போட்டுக்கொள்வதில்லை.

இனி "எப்படி". சிறு விமானங்களில் பரவலாக இருக்கும் ஆயில் முறையை எடுத்துக்கொள்கிறேன். ஹப்புக்குள் ஒவ்வொரு பிளேடின் அடியும் ஒரு பேரிங்கின் மேல் உட்கார்ந்திருக்கும். அந்த அடியில், மையத்தை விட்டு ஓரமாக, ஒரு பின் நீட்டிக்கொண்டிருக்கும். ஹப்பின் நடுவில் முன்னும் பின்னும் நகரும் ஒரு பிஸ்டன். பிஸ்டன் நகர்ந்தால் இணைப்புத் தண்டு அந்தப் பின்னைத் தள்ளும், பிளேடு தன் அச்சில் திரும்பும். எல்லாப் பிளேடுகளும் ஒரே பிஸ்டனோடு இணைந்திருப்பதால் ஒன்றாகவே திரும்பும். நான்கு இருக்கை ரக விமானத்தில் சின்னக் கோணத்துக்கும் பெரிய கோணத்துக்கும் இடையே மொத்த நகர்வு 15 டிகிரி சுமாருக்குத்தான் இருக்கும். பார்த்தால் இதற்கா இவ்வளவு என்று தோன்றும்.

சுற்றும் பொருளுக்குள் ஆயில் எப்படிப் போகிறது? கிராங்க் ஷாஃப்ட்டின் முன்பகுதி உள்ளே கூடாக இருக்கும். அதைத் தாங்கும் முன் பேரிங் அசையாதது. அதன் உட்புறத்தில் சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டி அதில் ஆயிலை அழுத்தத்தோடு விடுகிறார்கள். ஷாஃப்ட்டில் ஒரு துளை. ஷாஃப்ட் எந்தப் பக்கம் திரும்பினாலும் துளை அந்தப் பள்ளத்தைப் பார்த்தபடியே இருப்பதால் ஆயில் உள்ளே நுழைந்து, கூட்டின் வழியாக ஹப்புக்கும் பிஸ்டனுக்கும் போய்விடும். பேரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் இடையே உள்ள மெல்லிய இடைவெளியில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பேரிங் தேய்ந்துபோன இன்ஜினில் அந்தக் கசிவு அதிகமாகி, இந்த ஆயிலைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவி நன்றாக இருந்தும் சுற்று தடுமாறும். கவர்னரைக் கழற்றிப் புதிதாக மாட்டிப் பணத்தைச் செலவழித்த பிறகு இதைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு.

இன்ஜினின் சாதாரண ஆயில் அழுத்தம் இதற்குப் போதாது. அது சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு வாக்கில் இருந்தால், கவர்னருக்குள் இருக்கும் சின்ன கியர் பம்பு அதை 300 பவுண்டு வாக்கில் ஏற்றும். 10 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனில் அது ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட தள்ளுவிசை. அவ்வளவு எதற்கு என்றால், 5 கிலோ பிளேடு ஒன்றின் எடைமையம் 40 செ.மீ. தள்ளி இருந்து 2,700 சுற்றில் சுழன்றால், அது ஹப்பை விட்டு வெளியே பறக்க முயலும் விசை ஏறத்தாழ 16 டன். அந்த இழுப்பைத் தாங்கிக்கொண்டிருக்கும் பேரிங்கின் மேல்தான் பிளேடைத் திருப்ப வேண்டும். அது போக, சுழற்சியே பிளேடைத் திருக முயல்கிறது. பிளேடின் அகலத்தில் அச்சுக்கு இருபுறமும் உள்ள எடைகள் சுழற்சித் தளத்துக்குள் வந்து படுக்கப் பார்க்கும். அதனால் பிளேடு எப்போதும் தட்டையாக, அதாவது சின்னக் கோணத்துக்கு, போகவே விரும்பும். காற்றின் விசை பொதுவாக இதற்கு எதிர்த்திசையில் திருகும், ஆனால் அது பலவீனமானது. இந்த மையவிலக்குத் திருகல்தான் பின்னால் வரும் கதைக்கெல்லாம் மூலகாரணம்.

எவ்வளவு ஆயில் போக வேண்டும், வர வேண்டும் என்று முடிவு செய்வது கவர்னர். இன்ஜின் பல்சக்கரத்தால் சுற்றும் ஒரு தலை, அதில் 'எல்' வடிவத்தில் இரண்டு எடைகள், அவற்றை மேலிருந்து அழுத்தும் ஒரு ஸ்பிரிங், நடுவில் மேலும் கீழும் போகும் ஒரு சின்ன வால்வு. விமானம் மூக்கைத் தாழ்த்துகிறது என்று வையுங்கள். வேகம் கூடுகிறது, பிளேடு காற்றைச் சந்திக்கும் கோணம் குறைகிறது, சுமை குறைந்ததும் சுற்று ஏறப் பார்க்கிறது. எடைகள் வெளியே விரிந்து ஸ்பிரிங்கைத் தூக்குகின்றன, கூடவே வால்வு உயர்கிறது, ஆயில் ஹப்புக்குப் போகிறது, பிளேடின் கோணம் பெரிதாகிறது. சுமை கூடியதும் சுற்று பழைய எண்ணுக்கே இறங்குகிறது, எடைகள் நேராகின்றன, வால்வு துளையை மூடிக்கொள்கிறது. மூக்கை உயர்த்தினால் இதுவே தலைகீழாக நடக்கும். கணினியோ மின்சாரமோ எதுவும் இதில் இல்லை. பல தலைமுறை விமானங்களில் ஓடிய, இன்றும் ஓடுகிற அமைப்பு இது. எனக்கு இதன் மேல் ஒரு தனி மரியாதை உண்டு.

பைலட்டின் கையில் இருக்கும் நீல நிற நெம்புகோல் பிளேடைத் திருப்புகிறது என்று பலர் நினைக்கிறார்கள், சில மாணவ பைலட்டுகள் உட்பட. அது அந்த ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மட்டும் மாற்றுகிறது. முன்னே தள்ளினால் ஸ்பிரிங் இறுகும். எடைகள் அதைத் தூக்க அதிகச் சுற்று வேண்டும். பின்னே இழுத்தால் குறைந்த சுற்றே போதும். "எனக்கு 2,400 சுற்று வேண்டும்" என்று கேட்கும் நெம்புகோல் அது. அதைக் கொடுக்க எந்தக் கோணம் தேவை என்பது கவர்னரின் பொறுப்பு. இன்ஜினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்தாலும் சுற்று குறையாமல் இருப்பது இதனால்தான். சக்தி எவ்வளவு என்று தெரிய இன்ஜின் உறிஞ்சுகுழாயின் அழுத்தமானியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். த்ராட்டிலை ரொம்பவும் குறைத்தால் பிளேடு சின்னக் கோணத்தின் தடுப்பில் போய் முட்டிவிடும். அதற்கு மேல் கவர்னரால் ஆவது ஒன்றுமில்லை. சாதாரண நிலையான புரொப்பெல்லர் போலச் சுற்று இறங்கத் தொடங்கும்.

கிளம்புவதற்கு முன் பைலட் 1,700, 1,800 சுற்று வாக்கில் இன்ஜினை வைத்துக்கொண்டு நீல நெம்புகோலை மெதுவாகப் பின்னுக்கு இழுப்பார். ஒரு கணம் ஒன்றும் நடக்காது. அப்புறம் சத்தம் கனக்கும், சுற்று இறங்கும், உறிஞ்சுகுழாய் அழுத்தம் கொஞ்சம் ஏறும், ஆயில் அழுத்தமானியின் முள் லேசாகத் தாழ்ந்து நிமிரும். உடனே முன்னே தள்ளிவிடுவார். குளிர்ந்த காலையில் இதை இரண்டு மூன்று முறை செய்வது சோதனைக்காக மட்டுமல்ல, ஹப்பில் தேங்கியிருக்கும் கெட்டியான குளிர் ஆயிலை வெளியேற்றிச் சூடான ஆயிலை உள்ளே அனுப்பவும்தான். முதல் இழுப்பில் மந்தமாக இறங்கும் சுற்று மூன்றாவதில் சட்டென்று இறங்குவதைப் பார்க்கலாம்.

இப்போது என் மூன்றாவது கேள்வி. ஆயில் போய்விட்டால்? ஒற்றை இன்ஜின் விமானங்களில் பெரும்பாலும் ஆயில் அழுத்தம் பிளேடைப் பெரிய கோணத்துக்குத் தள்ளும். திரும்பி வருவதற்கு ஸ்பிரிங்கும் மையவிலக்குத் திருகலும். கவர்னரின் ஆயில் நின்றால் பிளேடு சின்னக் கோணத்துக்கு வந்து நிற்கும். சுற்று எகிறும் அபாயம் உண்டு, பைலட் த்ராட்டிலையும் வேகத்தையும் குறைக்க வேண்டும். ஆனால் இருக்கும் ஒரே இன்ஜின் ஓடும் வரை அதனால் இழுக்க முடியும், ஏற முடியும். தலைகீழாகப் பறக்கும் சாகச விமானங்களில் இதைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். அங்கே ஆயில் நொடிப்பொழுது தடைபடுவது சகஜம். ஒவ்வொரு தடவையும் சுற்று எகிறினால் இன்ஜின் தாங்காது. அதனால் பிளேடின் அடியில் எதிர் எடைகளைப் பொருத்தி, ஆயில் இல்லாவிட்டால் பெரிய கோணத்துக்குப் போகும்படி செய்கிறார்கள்.

இரட்டை இன்ஜின் விமானத்தில் கவலையே வேறு. ஒரு இன்ஜின் நின்றுவிட்டால் அதன் புரொப்பெல்லரை எதிர்க்காற்று சுற்றிக்கொண்டே இருக்கும். செத்த இன்ஜினைச் சுற்றத் தேவையான சக்தியைக் காற்றிலிருந்து, அதாவது விமானத்தின் வேகத்திலிருந்து, அது எடுக்கும். அந்த இழுவை விமானத்தை ஒரு பக்கமாகத் திருப்பும். மிச்சமிருக்கும் இன்ஜினால் ஏற முடியாமலும் போகலாம். தீர்வு, பிளேடை 80, 90 டிகிரிக்குத் திருப்பி அதன் விளிம்பு காற்றைக் கிழிக்கும்படி நிறுத்திவிடுவது. இதை ஃபெதர் என்பார்கள். இந்தப் புரொப்பெல்லர்களில் எதிர் எடைகள், ஸ்பிரிங், சிலவற்றில் அழுத்தம் ஏற்றிய நைட்ரஜன், எல்லாம் சேர்ந்து பிளேடைப் பெரிய கோணத்துக்குத் தள்ளும். ஆயில்தான் அவற்றை எதிர்த்துச் சின்னக் கோணத்தில் பிடித்து வைக்கும். ஆயில் போனால் தானாகவே ஃபெதர்.

அப்படியானால் தரையில் இன்ஜினை அணைக்கும் ஒவ்வொரு முறையும் ஃபெதர் ஆகிவிடுமே, மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது பெரும் சுமையாகுமே என்று கேட்கலாம். பிஸ்டன் இன்ஜின் விமானங்களில் அதற்காக ஹப்புக்குள் சின்னப் பூட்டு ஊசிகள் உண்டு. சுற்று வேகமாக இருக்கும்போது மையவிலக்கு விசை அவற்றை விலக்கி வைக்கும். சுற்று ஏறத்தாழ 800-க்குக் கீழே இறங்கினால் அவை உள்ளே விழுந்து பிளேடை ஃபெதருக்குப் போகவிடாமல் தடுத்துவிடும். இதற்கு ஒரு கொடுமையான பக்கம் உண்டு. பறக்கும்போது நின்ற இன்ஜினை ஃபெதர் செய்யத் தயங்கிக்கொண்டே இருந்து சுற்று அதற்குக் கீழே போய்விட்டால், அப்புறம் நெம்புகோலை எவ்வளவு இழுத்தாலும் ஃபெதர் ஆகாது.

ஃபெதர் ஆன புரொப்பெல்லர் இழுக்காது என்பதை மறந்துவிடக் கூடாது. 2023 ஜனவரி 15 அன்று நேபாளத்தின் பொக்காராவில் ஒரு ஏடிஆர் 72 பயணிகள் விமானம் தரையிறங்கப் போகும்போது விழுந்து, அதிலிருந்த 72 பேரும் இறந்தார்கள். இறக்கையின் மடிப்புகளை இறக்கும் நெம்புகோலுக்குப் பதிலாக, இரண்டு புரொப்பெல்லர்களையும் ஃபெதருக்குக் கொண்டுபோகும் நெம்புகோல்கள் நகர்த்தப்பட்டிருந்தன என்று விசாரணை சொன்னது. இன்ஜின்கள் இரண்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. த்ராட்டிலைத் தள்ளினார்கள், இழுவிசை வரவில்லை.

டர்போபிராப்பில், அதாவது டர்பைன் இன்ஜின் புரொப்பெல்லரைச் சுற்றும் விமானத்தில், இன்னொரு அடுக்கு சேர்கிறது. ஏடிஆர் 72-இன் ஆறு பிளேடு புரொப்பெல்லர் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1,200 சுற்றுதான். ஏற்றத்திலும் பயணத்திலும் அதில் 82 சதவீதம். சக்தியைக் கூட்டிக் குறைக்கும்போது எரிபொருளும் பிளேடின் கோணமும்தான் மாறுகின்றன. அதனால்தான் உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ரீங்காரம் வெகுநேரம் ஒரே சுருதியில் கேட்கும். தரையில் பைலட் சக்தி நெம்புகோலை ஒரு தடுப்பைத் தாண்டிப் பின்னே கொண்டுவந்தால் பிளேடின் கோணத்தை அவரே நேரடியாக ஆளலாம். பூஜ்ஜியத்துக்குக் கீழே கொண்டுபோனால் விசை எதிர்ப்பக்கம் திரும்பி பிரேக் போல வேலை செய்யும். வானத்தில் அந்த எல்லைக்குள் போவது மரணம். 2002 நவம்பரில் லக்சம்பர்க்கில் ஒரு ஃபோக்கர் 50 இப்படித்தான் விழுந்தது. 20 பேர் இறந்தார்கள்.

நிறுத்தி வைத்த டர்போபிராப்பைப் பார்த்தே அதன் குணத்தில் பாதியைச் சொல்லிவிடலாம். பிடி6 வகை இன்ஜின் என்றால் அணைத்ததும் பிளேடுகள் ஃபெதருக்குப் போய், எதிரே நின்று பார்த்தால் ஒல்லியாகத் தெரியும். அதில் புரொப்பெல்லரைச் சுற்றும் டர்பைன் தனி. அதனால் ஃபெதரிலேயே ஸ்டார்ட் செய்தாலும் சுமை தெரியாது. டிபிஇ331 வகை இன்ஜினில் எல்லாம் ஒரே ஷாஃப்ட்டில் பிணைந்தவை. ஸ்டார்ட் செய்யும்போது புரொப்பெல்லரையும் சேர்த்தே சுற்ற வேண்டும் என்பதால், அணைக்கும்போது பிளேடுகளைத் தட்டையாகப் பூட்டி வைப்பார்கள். முழு அகலமும் உங்களைப் பார்த்து நிற்கும்.

"ஆயில் போனால் இந்தப் பக்கம்தான்" என்பதும் எப்போதும் காப்பாற்றிவிடாது. 1991 ஏப்ரலில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து பிரன்ஸ்விக்கில் ஒரு எம்பிரேர் 120 விழுந்து 23 பேர் இறந்தார்கள். இடது புரொப்பெல்லரின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பற்கள் தேய்ந்து பிடிப்பு விட்டுப்போயிருந்தது. அப்படி ஆனால் பிளேடு ஃபெதருக்குப் போகும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அது சின்னக் கோணத்துக்குப் போனது. ஆயில் இருந்தது, கட்டளைதான் போய்ச் சேரவில்லை.

பராமரிப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை, ஆனால் கவனம் வேண்டும். ஹப்பில் கிரீஸ் அடிக்கும்போது பல மாடல்களில் பிளேடுக்கு இரண்டு கிரீஸ் மூக்குகள் இருக்கும். ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதில் அடித்தால், திறந்த துளை வழியாக கிரீஸ் வெளியே வருவதைப் பார்க்கலாம். இரண்டையும் மூடியபடி அடித்தால் அழுத்தம் சீலைப் பிதுக்கிவிடும். பிளேடின் மேல் கோடாக வழிந்திருப்பது என்ன என்று விரலால் தொட்டுப் பார்ப்போம். கெட்டியாக இருந்தால் கிரீஸ். இன்ஜின் ஆயிலின் பழுப்பு என்றால் உள் சீலில் கசிவு. மெக்காலே நிறுவனத்தின் சில ஹப்புகளுக்குள் சிவப்புச் சாயம் கலந்த ஆயில் விட்டிருப்பார்கள். சிவப்பு வெளியே தெரிந்தால் ஹப்பில் விரிசலாகவும் இருக்கலாம், அதைச் சரிபார்க்கும் வரை விமானம் நகராது.

உறுதியில்லாத விஷயங்களுக்கு வருகிறேன். உறிஞ்சுகுழாய் அழுத்தம் அங்குலக் கணக்கில், சுற்றை நூறால் வகுத்த எண்ணைத் தாண்டவே கூடாது என்று ஒரு பழைய விதி புழங்குகிறது. 2,300 சுற்றில் 23 அங்குலத்துக்கு மேல் கூடாது என்பது போல. குறைந்த சுற்றில் அளவுக்கு மீறி அழுத்தம் கொடுத்தால் சிலிண்டருக்குள் எரிபொருள் கட்டுப்பாடில்லாமல் வெடிக்கும் என்பது நிச்சயம். ஆனால் எல்லை சரியாக அந்த எண்ணில்தான் இருக்கிறது என்பது நிச்சயமில்லை. பல இன்ஜின்களின் கையேடே அதைத் தாண்டிய சேர்க்கைகளை அனுமதிக்கிறது. கையேடு சொல்வதுதான் முடிவு. இன்னொன்று, மூன்று பிளேடு போட்டால் இரண்டு பிளேடை விட வேகம் கூடும் என்ற விற்பனைப் பேச்சு. சத்தமும் அதிர்வும் குறையலாம், நுனி தரையிலிருந்து இன்னும் தள்ளி இருக்கும், ஏற்றமும் சில விமானங்களில் நன்றாகிறது. பயண வேகம் கூடுமா என்பது பிளேடின் வடிவத்தையும் விமானத்தையும் பொறுத்தது. குறைந்த உதாரணங்களும் உண்டு.

கடைசியாக, இவ்வளவு நன்மை இருந்தும் பயிற்சி விமானங்கள் பலவற்றில் இன்னும் நிலையான புரொப்பெல்லரே இருக்கக் காரணம் எடையும் செலவும். ஒரே உலோகத் துண்டில் பழுதாக என்ன இருக்கிறது? கோணம் மாறும் ஹப்பையோ பொதுவாக 2,000 மணி நேரம் வாக்கில், அல்லது ஐந்தாறு வருடத்துக்கு ஒருமுறை முழுக்கப் பிரித்துப் பார்க்க வேண்டும். மணிக்கு 200 கி.மீ.க்கும் குறைவாகப் பறந்து, பெரும்பாலும் ஓடுபாதையைச் சுற்றிக்கொண்டே இருக்கும் விமானத்தில் அந்தச் செலவு திரும்பி வராது. சின்ன டிரோன்களும் நிலையான பிளேடை வைத்துக்கொண்டு மோட்டாரின் சுற்றை மாற்றியே சமாளிக்கின்றன. பிளேடு இலேசானது, மின்மோட்டார் கண்ணிமைக்கும் நேரத்தில் வேகத்தை மாற்றிவிடும். விட்டம் பெரிதாகப் பெரிதாக அதன் சுழல் நிலைமம் மடமடவென்று ஏறுவதால் அந்த வசதி குறைந்துகொண்டே போகும். ஹெலிகாப்டர் சுழலிகள் சுற்றை ஏறக்குறைய மாறாமல் வைத்துக்கொண்டு கோணத்தை மாற்றுவதற்கு அதுவும் ஒரு காரணம்.